வீட்டுச் சேமிப்பு சர்வர் வைத்திருப்போர் கவனத்திற்கு: “லேன் கார்டு போயிருச்சுங்க” என்று தொடங்கும் ஒரு ஏமாற்று

பொள்ளாச்சிப் பக்கத்துக் கணினிக் கடைகளில், வீட்டுக் கோப்புகளை ஒரே இடத்தில் வைத்து எல்லாக் கருவிகளிலிருந்தும் திறக்க உதவும் சேமிப்பு சர்வர் வாங்கி, அதன் பராமரிப்பையும் அவர்களிடமே விட்டிருக்கும் பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகாத் தமிழர்கள், குறிப்பாகக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பகுதிகளில் இருப்பவர்கள், இதைப் படித்துவிட்டுத் தங்கள் வீட்டு ரவுட்டரை ஒரு முறை திறந்து பார்க்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் எங்களை ஏமாற்றிய கடையின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. இந்த வேலையைச் செய்பவர்கள் அந்த ஒரு கடையில் மட்டும்தான் இருக்கிறார்கள் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் வீட்டில் இருப்பது பெரிய இயந்திரம் ஒன்றுமில்லை. மேசைக் கணினி ஒன்றில் நான்கு டெராபைட் ஹார்டு டிஸ்க் இரண்டைப் போட்டு, ஓப்பன்மீடியாவால்ட் என்ற இலவச மென்பொருளை நிறுவி, அந்தக் கடையே அமைத்துக் கொடுத்தது. தென்னந்தோப்புப் பத்திரங்களின் ஸ்கேன், தம்பியின் ஸ்டுடியோவில் எடுத்த கல்யாண வீடியோக்கள், அப்பா காலத்துப் புகைப்படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. துலாவர்ஷம் எனப்படும் வடகிழக்குப் பருவமழையின் இடி மின்னல் அடித்து ஓய்ந்த ஒரு நாளில், மடிக்கணினியிலிருந்து சர்வரைத் திறக்க முடியாமல் போயிற்று. கடையிலிருந்து வந்தவர் பெட்டியைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்து, “இடியில லேன் கார்டு போயிருச்சுங்க சார், போர்டோட ஒட்டுனது, தனியா புதுசு போட்டுத்தான் ஆகணும்” என்றார். லேன் கார்டு என்பது கணினியை நெட்வொர்க் கேபிளோடு இணைக்கும் பாகம். இந்தப் பக்கத்தில் இடியால் மோடம் போவது வழக்கம்தான் என்பதால், சந்தேகப்பட யாருக்கும் காரணம் இருந்திருக்காது. கார்டுக்கு 1,800 ரூபாய், கேட் 6 என்ற தரத்து நெட்வொர்க் கேபிள் என்று சொல்லிப் புதிதாக இழுத்ததற்கு 2,400 ரூபாய், அதோடு வந்து போன கூலி 700 ரூபாய்.

அதன் பிறகு நடந்ததுதான் இந்த ஏமாற்றின் உண்மையான வருமானம். கரண்ட் போய் வந்தாலே சர்வர் காணாமல் போய்விடும். அவர் வருவார், மடிக்கணினியில் ஏதோ தட்டுவார், சர்வர் திரும்பிவிடும், 700 ரூபாய் வாங்கிக்கொண்டு போவார். காரணம் கேட்டால், “விண்டோஸ் அப்டேட்டுங்க, ஒண்ணும் பண்ண முடியாது” என்பார்.

நடந்தது இவ்வளவுதான். ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் டிஹெச்சிபி என்ற தானியங்கி முறையில் ஒரு ஐபி முகவரியை, அதாவது வீட்டு வலையில் அந்தக் கருவியைக் கண்டுபிடிக்க உதவும் எண்ணை, தற்காலிகமாகக் கொடுக்கிறது. மின்சாரம் போய் ரவுட்டர் மறுபடி எழும்போது, நேற்று 192.168.1.5 என்றிருந்த சர்வருக்கு இன்று 192.168.1.9 கிடைக்கலாம். மடிக்கணினியின் ஷார்ட்கட்டோ பழைய எண்ணையே தேடிக்கொண்டிருக்கும். அவர் செய்ததெல்லாம் புதிய எண்ணைத் தட்டிவிட்டுப் போனதுதான். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில், சர்வரின் மேக் முகவரிக்கு (லேன் கார்டுக்கே உரிய அடையாள எண்) இன்ன ஐபி என்று ஒதுக்கீடு செய்துவிட்டால் இந்தத் தொல்லை அதோடு தீர்ந்துவிடும். ஐந்து நிமிட வேலை, செலவு எதுவும் கிடையாது. நெட்வொர்க் வேலை பார்க்கும் ஒருவருக்கு இது தெரியாமல் இருக்க வழியே இல்லை. செய்துவிட்டால் அடுத்த 700 ரூபாய் வராது என்பதைத் தவிர அவர் அதைச் செய்யாததற்கு வேறு விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

கோயம்புத்தூரில் நெட்வொர்க் வேலையில் இருக்கும் அக்கா மகன் விடுமுறைக்கு வந்தபோது, கோப்புகள் ஏன் இவ்வளவு மெதுவாக நகர்கின்றன என்று கேட்டு, சர்வரில் ஈத்டூல் என்ற கட்டளையைக் கொடுத்துப் பார்த்தான். இணைப்பு வேகம் நொடிக்கு 100 மெகாபிட் என்று காட்டியது. ரவுட்டரும் கார்டும் 1,000 மெகாபிட் தாங்கக்கூடியவை. “மாமா, கிளிப்பைப் பாருங்க” என்று கேபிளின் நுனியை என் கையில் கொடுத்தான். அந்தக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்குக்குள் எட்டுக் கம்பிகள் வரிசையாகத் தெரிய வேண்டிய இடத்தில் நான்குதான் இருந்தன. ஆரஞ்சு இணையும் பச்சை இணையும் 1, 2, 3, 6 ஆகிய இடங்களில் உட்கார்ந்திருக்க, நீலமும் பழுப்பும் உறைக்குள்ளேயே கத்தரிக்கப்பட்டிருந்தன. 100 மெகாபிட்டுக்கு இரண்டு இணைகள் போதும். கிகாபிட் இணைப்புக்கு நான்கு இணைகளும் வேண்டும். கம்பியைப் பிளேடால் சுரண்டியபோது, மேலே செம்பு நிறம் உரிந்து உள்ளே வெள்ளை வெளேரென்று அலுமினியம் தெரிந்தது. செம்பு முலாம் பூசிய அலுமினியக் கேபிள் எந்த முறையான கேட் 6 தரத்துக்கும் ஒத்துவராது. 50 ஜிபி கல்யாண வீடியோ, கிகாபிட்டில் ஏழெட்டு நிமிடத்தில் போய்ச் சேர வேண்டியது, ஒரு மணி நேரத்துக்கும் மேல் நகர்ந்துகொண்டிருந்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது.

அடுத்து அவன், கணினி எழும்போதே திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புப் பக்கமான பயாஸைத் திறந்தான். போர்டோடு சேர்ந்த லேன் அங்கே அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அதை இயக்கி, எட்டுக் கம்பியும் சரியாக உள்ள ஒரு நல்ல கேபிளைச் செருகியதும் பச்சை விளக்கு எரிந்தது, வேகம் 1,000 என்று வந்தது. இடியில் போனதாகச் சொல்லப்பட்ட லேன் எந்தக் குறையும் இல்லாமல் வேலை செய்கிறது. இடி தானாகப் போய் பயாஸில் ஒன்றை அணைத்துவிட்டு வராது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

இவையெல்லாம் பணத்தோடு போயிற்று என்று விட்டுவிடலாம். என்னால் விட முடியாதது வேறு. தம்பி தன் ஸ்டுடியோவிலிருந்து சர்வரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டபோது, இணைய நிறுவனத்திடம் மாதக் கட்டணத்துக்கு நிலையான ஐபி ஒன்றை வாங்கச் சொல்லிவிட்டு, ரவுட்டரில் சர்வரை டிஎம்இசட் என்ற அமைப்பில் அவர் போட்டிருக்கிறார். இதன் பொருள், வெளியிலிருந்து வரும் எல்லாக் கோரிக்கைகளையும், எந்த போர்ட்டுக்கு (ஒவ்வொரு சேவைக்கும் உள்ள எண்ணிட்ட வாசல்) வந்தாலும், ரவுட்டர் தடுக்காமல் நேராகச் சர்வருக்கு அனுப்பிவிடும் என்பதுதான். சர்வரிலோ கடவுச்சொல் கேட்காத கெஸ்ட் அனுமதி. வாசற்கதவைத் திறந்துவைத்து, பீரோ சாவியையும் அதிலேயே தொங்கவிட்டு ஊருக்குப் போவதற்கு ஒப்பான வேலை இது. நுழைவு முயற்சிகளைக் குறித்துவைக்கும் சர்வரின் பதிவேட்டை (லாக்) திறந்தபோது, எங்கெங்கோ உள்ள முகவரிகளிலிருந்து ரூட், அட்மின் என்ற பெயர்களில் நுழைய முயன்ற வரிகள் பக்கம் பக்கமாக ஓடின. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர், இணையத்தை நோக்கித் திறந்து கிடந்த க்யூநாப் சேமிப்பு சர்வர்களில் புகுந்து கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டதை இந்தத் துறையில் இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வெளியிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் வயர்கார்டு போன்ற விபிஎன், அதாவது பூட்டிய தனிப் பாதை, வழியாக வருவதே முறை.

இதோடு, மடிக்கணினியில், கோப்புகளை வலையில் பகிரும் எஸ்எம்பி என்ற நெறிமுறையின் முதல் பதிப்பையும் அவர் இயக்கி வைத்திருந்தார். 2017 மே மாதம் உலகத்தைக் கலக்கிய வானாகிரை என்ற ரான்சம்வேர் பரவியது அந்தப் பழைய நெறிமுறையில் இருந்த ஓட்டையைப் பிடித்துத்தான். விண்டோஸ் 11இன் 24ஹெச்2 புரோ பதிப்பு கெஸ்ட் அனுமதியை இயல்பாகவே மறுக்கிறது. அதற்குச் சர்வரில் ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உருவாக்குவதே மருந்து.

புதிதாகச் சர்வர் வைத்திருப்பவர்கள், ஆளைக் கூப்பிடும் முன் இவற்றைத் தாங்களே பார்த்துவிடலாம். கேபிள் செருகும் இடத்தில் விளக்கு எரிகிறதா என்பது முதலில். எரிந்தால், லேன் கார்டு செத்துவிட்டது என்று சொல்பவரிடம் அந்த விளக்கைக் காட்டி விளக்கம் கேளுங்கள். மடிக்கணினியில் ஐபிகான்ஃபிக் கட்டளை கொடுத்தால் வரும் முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை. கேபிளையோ ரவுட்டரையோ பார்க்க வேண்டும். வீடுகளில் மடிக்கணினி முகவரியின் முதல் மூன்று எண்களும் சர்வருடைய எண்களும் பொதுவாக ஒன்றாகவே இருக்கும். ஒன்று 192.168.0 என்றும் மற்றொன்று 192.168.1 என்றும் இருந்தால், நடுவில் இரண்டாவது ரவுட்டர் ஒன்று தனி வலையை உண்டாக்கியிருக்கக்கூடும். பிங் கட்டளையால் சர்வரை அழைத்துப் பார்த்தால் பதில் வந்து, பகிர்வு மட்டும் திறக்கவில்லையென்றால் கோளாறு அனுமதியிலோ, இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலிலோ இருக்க வாய்ப்பு அதிகம். வன்பொருள் மாற்ற வேண்டிய பேச்சுக்கே அங்கு இடமில்லை.

பில் கேட்டபோது, “கேரளாவுக்குப் போற சரக்குங்க, பில் போட்டா செக்போஸ்ட்ல உங்களுக்குத்தான் தொல்லை” என்றார்கள். 2017இல் ஜிஎஸ்டி வந்தபின் இந்தப் பேச்சுக்குப் பொருளே கிடையாது. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “வேணும்னா கோர்ட்டுக்குப் போங்க, கேஸ் நடத்த நீங்கதான் இங்க வந்து போகணும்” என்றார்கள். அதுவும் தவறு. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, புகார் கொடுப்பவர் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கடை பொள்ளாச்சியில் இருந்தாலும் நான் பாலக்காட்டில் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் அதற்குக் கட்டணமும் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்துகொள்ளலாம். பில் இல்லாவிட்டாலும் யுபிஐயில் பணம் போன விவரமும் வாட்ஸாப்பில் அவர்கள் எழுதியதும் கையில் இருக்கின்றன. கழற்றிய கேபிளையும் நான் தூக்கிப் போடவில்லை.

இப்படிப்பட்ட ஆள் ஏற்கெனவே உங்கள் வீட்டுக்கு வந்து போயிருந்தால், இன்றே ரவுட்டரில் டிஎம்இசட்டையும், வெளியிலிருந்து வருவதைக் குறிப்பிட்ட கருவிக்கு அனுப்பும் போர்ட் ஃபார்வர்டிங்கையும் பாருங்கள். நீங்கள் கேட்காத வரி எதுவும் இருந்தால் நீக்குங்கள். ரவுட்டரின் அட்மின் கடவுச்சொல், சர்வரின் ரூட் கடவுச்சொல், வைஃபை கடவுச்சொல் மூன்றும் அவருக்குத் தெரியும் என்பதால், அவற்றையும் அதே கையோடு மாற்றிவிடுங்கள்.