புராட்டஸ்டன்ட் ஆன்மிக மரபுகள் குறித்த ஓர் ஒலிப்பாடத் தொடர்: மதிப்பீடு

புராட்டஸ்டன்ட் சபைகளின் ஆன்மிக வாழ்வைக் கற்பிக்க முன்வரும் பாடங்கள் பெரும்பாலும் கோட்பாட்டு வரலாறாகவே முடிந்துவிடுகின்றன. விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதல், வேதாகமத்தின் அதிகாரம், விசுவாசிகள் அனைவரின் ஆசாரியத்துவம் ஆகியவற்றை விளக்கிவிட்டு, அவற்றை ஏற்றுக்கொண்ட மக்கள் காலையில் எழுந்ததும் எப்படி ஜெபித்தார்கள், எதைப் பாடினார்கள், எப்போது உபவாசித்தார்கள், தங்கள் மனச்சாட்சியை யார் முன்னிலையில் திறந்து வைத்தார்கள் என்பதைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். பன்னிரண்டு பாடங்கள் கொண்ட இந்த ஒலித்தொடர் அந்த இடைவெளியை நிரப்பவே தயாரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பாடமும் ஒரு மரபைப் பற்றிய உரையாகத் தொடங்கி, அந்த மரபுக்குரிய பயிற்சி ஒன்றைக் கேட்பவரே செய்து பார்ப்பதற்கான வழிநடத்துதலோடு முடிகிறது. உடன் ஒரு சிறு கையேடும் தரப்படுகிறது. தொடரின் வெற்றியும் தோல்வியும் அந்தப் பயிற்சிப் பகுதிகளைப் பொறுத்தே அமைகின்றன. பயிற்சி நன்றாக அமைந்த பாடங்களில் அந்த மரபு உயிரோடு எழுந்து நிற்கிறது; மற்றவை தகவலாகவே நின்றுவிடுகின்றன.

ஜெர்மனியில் சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த லூத்தரைப் பற்றிய முதல் பாடமே தொடரின் ஆகச்சிறந்த பாடம். 1535-இல், தமக்கு முகம் மழிக்கும் நாவிதரான பீட்டர் என்பவர் எவ்வாறு ஜெபிப்பது என்று கேட்டதற்கு லூத்தர் எழுதித் தந்த விளக்கத்தைப் பாடம் மையமாக எடுத்துக்கொள்கிறது. பத்துக் கட்டளைகளில் ஒன்றை எடுத்து, அதை நான்கு புரிகளாகப் பிரித்துத் திரிக்கும்படி லூத்தர் சொல்கிறார்: அந்தக் கட்டளை எனக்கு எதைக் கற்பிக்கிறது, எதற்காக நான் நன்றி சொல்ல வேண்டும், எதை அறிக்கையிட வேண்டும், எதைக் கேட்க வேண்டும். நல்ல நாவிதர் தம் கவனத்தைக் கத்தியின்மீதும் முடியின்மீதும் வைத்திருப்பதுபோல ஜெபிப்பவரின் கவனமும் ஜெபத்தில் இருக்க வேண்டும் என்று, கேட்டவரின் தொழிலையே எடுத்து அவர் விளக்குகிறார். பயிற்சிப் பகுதியில் “களவு செய்யாதிருப்பாயாக” என்ற கட்டளை எடுத்துக்கொள்ளப்படுகிறது. பிறருடைய உடைமையைக் காக்கும் பொறுப்பு, இதுவரை தன்னிடம் உள்ளவை காக்கப்பட்டதற்கான நன்றி, உழைத்தவருக்குச் சேர வேண்டியதைத் தாமதித்ததன் அறிக்கை, உள்ளதில் நிறைவு காணும் மனத்திற்கான வேண்டுதல் என்று நான்கு புரிகளும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஒவ்வொன்றின் பின்னும் போதிய நேரம் விடப்படுகிறது. இடையில் பரிசுத்த ஆவியானவர் உள்ளத்தில் பேசத் தொடங்கினால் மற்றவற்றை விட்டுவிட்டு அதைக் கேள் என்ற லூத்தரின் அறிவுரையை உரையாளர் நினைவூட்டுவதோடு, அப்படி நேர்ந்தால் ஒலிப்பதிவையே நிறுத்திவிடுமாறும் சொல்கிறார். தம் சொந்தத் தயாரிப்பை நிறுத்தச் சொல்லும் இந்தத் தெளிவு எனக்கு மிகவும் பிடித்தது.

இதே பாடத்தின் கையேட்டில், லூத்தர் 1529-இல் வெளியிட்ட சிறு ஞானோபதேசம் என்ற விசுவாசப் போதனை நூல் காலையிலும் இரவிலும் சிலுவை அடையாளம் வரைந்து ஜெபத்தைத் தொடங்கச் சொல்கிறது என்ற செய்தி தரப்பட்டிருக்கிறது. சிலுவை அடையாளம் கத்தோலிக்கருக்கு மட்டுமே உரியது என்று சொல்லி வளர்க்கப்பட்ட புராட்டஸ்டன்ட்களுக்கு இது வியப்பளிக்கும். நம் சபை செய்யாத ஒன்றைப் புராட்டஸ்டன்ட் சபை எதுவுமே செய்யாது என்று எண்ணிக்கொள்ளும் பழக்கத்தை இத்தொடர் தொடக்கத்திலேயே அசைத்துவிடுகிறது.

சீர்திருத்த சபைகளைப் பற்றிய பாடம் சூரிக்கையும் ஜெனீவாவையும் அருகருகே வைக்கிறது. இசையில் தேர்ந்தவரான சூரிக்கின் சீர்திருத்தவாதி சுவிங்லி, வேதாகமம் கட்டளையிடாத எதுவும் ஆராதனையில் இருக்கலாகாது என்ற முடிவுக்கு வந்ததால், சூரிக் சபையில் 1598 வரை பாடலே இல்லாமல் இருந்தது. ஜெனீவாவின் சீர்திருத்தவாதி கால்வினோ அதே வேதாகமப் பற்றினால் சங்கீதங்களைச் சபையார் அனைவரும் பாட வேண்டும் என்றார்; 150 சங்கீதங்களும் பாடல் வடிவம் பெற்ற முழுத் தொகுப்பு 1562-இல் ஜெனீவாவில் நிறைவடைந்தது. ஒரே மரபுக்குள், ஒரே நியாயத்திலிருந்து, மௌனமும் பாட்டும் பிறந்த இந்த வரலாற்றை உரையாளர் அவசரப்படாமல் சொல்கிறார். சங்கீதங்களை ஆத்துமாவின் எல்லாப் பகுதிகளுக்குமான உடற்கூறு என்று கால்வின் அழைத்தது ஏன் என்பது, கைவிடப்பட்டவனின் கேள்வியோடு தொடங்கும் 13-ஆம் சங்கீதத்தை ஒரு சிறு குழு இசைக்கருவியின்றி ஒரே குரலில் பாடுவதைக் கேட்கும்போது விளங்கிவிடுகிறது. துதிப்பாடல் மட்டுமே பாடிப் பழகியவர்கள், புலம்பலும் சபையாகச் சேர்ந்து பாடத்தக்கதுதான் என்பதை இங்கே செவியாலேயே உணர்ந்துகொள்ளலாம்.

ஆங்கிலிக்கன் மரபைப் பற்றிய பாடம் சுருக்கமானது. மடங்களில் நாள் முழுவதும் பல வேளைகளாகப் பிரிந்திருந்த ஜெபங்களை இங்கிலாந்துச் சபையின் பேராயர் கிரான்மர் 1549-இன் ஜெபப்புத்தகத்தில் காலை, மாலை என இரண்டாகத் திரட்டியதும், சங்கீதங்கள் முழுவதையும் மாதத்திற்கு ஒருமுறை வாசித்து முடிக்கும் வகையில் முப்பது நாட்களுக்குப் பகுத்ததும் தெளிவாகச் சொல்லப்படுகின்றன. வேலைக்குச் செல்பவர் கைக்கொள்ள மிக எளிதான பயிற்சி இதுதான். இங்கிலாந்துச் சபையை மேலும் தூய்மைப்படுத்த முயன்ற பியூரிட்டன் மரபுக்குத் தனிப் பாடம் இருந்தும், நாட்குறிப்பு எழுதி மனச்சாட்சியை ஆராயும் அவர்களது வழக்கத்திற்கு மேல் அது அதிகம் செல்லவில்லை.

குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காமல் விசுவாசித்தவர்களுக்கே ஞானஸ்நானம் கொடுத்த அனபாப்டிஸ்ட்களைப் பற்றிய பாடம்தான் எனக்குப் பெரும் ஏமாற்றத்தைத் தந்தது. 1525-இல் சூரிக்கில் நடந்த முதல் முதிர்வயது ஞானஸ்நானங்கள், அதைத் தொடர்ந்த துன்புறுத்தல், 1569-இல் தம்மைத் துரத்தி வந்தவர் பனிக்கட்டி உடைந்து நீரில் விழுந்தபோது திரும்பிச் சென்று காப்பாற்றி, அதனாலேயே பிடிபட்டு எரிக்கப்பட்ட டிர்க் வில்லெம்ஸ் ஆகியவை உருக்கமாகச் சொல்லப்படுகின்றன. ஆனால் ஓடிக்கொண்டிருந்த ஒரு மனிதரை அந்தக் கணத்தில் திரும்ப வைத்தது எது? எந்தக் கூடுகையும், எந்தப் பாடலும், எந்த ஒழுக்கமும் அவரை அப்படி உருவாக்கின? ஆன்மிகப் பயிற்சிகளைப் பற்றிய தொடர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுவே. ஒருவர் மற்றவரின் கால்களைக் கழுவும் சடங்கு ஒரே வாக்கியத்தில் கடந்துபோகிறது. சிறைப்பட்ட விசுவாசிகள் இயற்றிய பாடல்களை உள்ளடக்கிய பதினாறாம் நூற்றாண்டுத் தொகுப்பிலிருந்து அந்த மரபின் வழிவந்த ஆமிஷ் மக்கள் இன்றும் பாடுகிறார்கள். அவர்களுடைய ஆராதனையில் இரண்டாவதாக வரும் துதிப்பாடல் மெதுவாக இழுத்துப் பாடப்பட்டு ஏறக்குறைய இருபது நிமிடம் நீள்வது வழக்கம். அந்தப் பாடலின் சில அடிகளையாவது ஒலியாக வெளிவரும் ஒரு தொடர் சேர்த்திருக்க வேண்டாமா?

ஜெர்மானிய லூத்தரன் சபைக்குள் எழுந்த பக்தி இயக்கம் (பயட்டிசம்), மொரேவியர், மெதடிஸ்ட் என அடுத்தடுத்து வரும் மூன்று பாடங்களும் ஒன்றோடொன்று நன்கு கோக்கப்பட்டுள்ளன. 1675-இல் பக்தி இயக்கத்தின் முன்னோடியான ஸ்பேனர் முன்வைத்த சீர்திருத்தக் கோரிக்கைகளில், பிரசங்கம் கேட்பதோடு நில்லாமல் விசுவாசிகள் கூடி வேதம் வாசித்துப் பேச வேண்டும் என்பதும் ஒன்று. அந்த விதை 1727-இல் ஜெர்மனியில் மொரேவியரின் குடியிருப்பான ஹெர்ன்ஹூட்டில் மணிக்கணக்கு வைத்துத் தொடங்கிய இடைவிடாத ஜெபமாக வளர்ந்து, நூறாண்டுக்கு மேல் நீடித்தது. 1728-இல் மொரேவியரின் தலைவர் சின்சென்டார்ஃப் தொடங்கிய தினவசன வழக்கம் 1731 முதல் ஆண்டுதோறும் நூலாக அச்சாகி வருகிறது. பழைய ஏற்பாட்டு வசனம் சீட்டுக் குலுக்கி எடுக்கப்பட, அதற்கு இசைந்த புதிய ஏற்பாட்டு வசனம் தேர்ந்தெடுத்துச் சேர்க்கப்படுகிறது. நமக்குப் பிடித்த வசனத்தை நாமே தேடிக்கொள்ளாமல், கிடைத்த வசனத்தோடு ஒரு நாளைக் கழிக்கும் ஒழுக்கத்தைப் பயிற்சிப் பகுதி நேர்த்தியாக அறிமுகப்படுத்துகிறது.

மெதடிஸ்ட் பாடத்தில், 1738-இல் அந்த இயக்கத்தின் நிறுவனர் ஜான் வெஸ்லியின் உள்ளம் அனல்கொண்ட நிகழ்ச்சிக்குத் தேவைக்கு மிஞ்சிய நேரம் செலவிடப்படுகிறது. அதைக் கடந்துவிட்டால் தொடரின் இரண்டாவது சிறந்த பகுதி காத்திருக்கிறது. பிரிஸ்டலில் ஜெபக்கூடம் கட்டியதால் ஏற்பட்ட கடனை அடைக்க, 1742-இல் உறுப்பினர்களைப் பன்னிரண்டு பேர் அளவிலான குழுக்களாகப் பிரித்து, தலைவர் ஒருவர் வாரம் ஒரு பென்னி வீதம் ஒவ்வொருவரிடமும் வசூலிக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. வசூலுக்காக வீடு வீடாகச் சென்றவர்கள் அங்கே குடிப்பழக்கத்தையும் குடும்பச் சண்டையையும் கண்டு வந்து சொன்னார்கள். தாம் நெடுங்காலம் தேடியது இதுவே என்று கண்டுகொண்ட வெஸ்லி, பணம் திரட்டும் ஏற்பாட்டை ஆத்துமாக்களை விசாரிக்கும் வாராந்தரக் கூடுகையாக மாற்றினார். இந்தக் கூடுகையை இன்று ஒரு சிறு குழு எப்படி நடத்தலாம் என்பதற்கான கையேட்டுக் குறிப்புகள் நடைமுறை அறிவோடு எழுதப்பட்டுள்ளன: தலைவர் முதலில் தம் நிலையைச் சொல்ல வேண்டும், ஒருவர் சொன்னதை மற்றவர் திருத்த முயலக் கூடாது, பேசியது அறையை விட்டு வெளியே போகக் கூடாது.

குவேக்கர் பாடத்தில் தயாரிப்பாளர்கள் செய்திருக்கும் ஒரு காரியத்தை மன்னிப்பது கடினம். போதகரோ, பாடலோ, எழுதி வைத்த ஜெபமோ இல்லாமல் அமர்ந்து காத்திருந்து, உள்ளே ஏவப்பட்டவர் மட்டும் எழுந்து பேசும் கூடுகையை உரை மிகச் சரியாக விளக்குகிறது. ஆனால் அதைத் தொடரும் பத்து நிமிட மௌனப் பயிற்சியின் பின்னணியில் மெல்லிய பியானோ இசை ஓடிக்கொண்டே இருக்கிறது. கேட்பவர் ஒலிப்பதிவு நின்றுவிட்டதென்று நினைத்துக்கொள்வார் என அஞ்சியிருக்கலாம். ஒரு மணியோசையால் தொடக்கத்தையும் முடிவையும் குறித்திருந்தால் போதுமானது. மனத்தை இதமாக்க எதுவும் தரப்படாத அந்த வெறுமையைத் தாங்கிக்கொள்வதே இப்பயிற்சியின் சாரம். இசையைச் சேர்த்ததும் அந்தச் சாரம் கரைந்துபோகிறது. இந்தப் பகுதியில் ஒலியை அணைத்துவிட்டுக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு அமர்வதே நல்லது.

பெந்தெகொஸ்தே பாடம், 1906-இல் லாஸ் ஏஞ்சலிஸின் அசுசா தெருவில் வில்லியம் சீமோர் நடத்திய எழுப்புதலிலிருந்து தொடங்குகிறது. அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளையான ஒரு கறுப்பினப் போதகரின் தலைமையில் பல இனத்தவரும் கூடி ஜெபித்ததன் பொருளை உரையாளர் தகுந்த அழுத்தத்துடன் எடுத்துரைக்கிறார். ஆனால் அந்நியபாஷையில், அதாவது ஆவியின் ஏவுதலால் வருவதாக நம்பப்படும் கற்காத மொழியில், ஜெபிப்பதை உணர்ச்சியின் பெருக்காக மட்டுமே விளக்கும் இடத்தில் பாடம் சறுக்குகிறது. உபவாசம், முழு இரவு ஜெபம், சாட்சி சொல்லுதல், நோயுற்றவர்மேல் கைவைத்து ஜெபித்தல் என்று கண்டிப்பான ஒழுங்குகள் பல அந்த மரபில் உண்டு; அவற்றை அன்றாடம் கடைப்பிடிப்பவர்கள் இந்த விளக்கத்தில் தங்களைக் காண மாட்டார்கள். கொரியச் சபைகளின் விடியற்கால ஜெபத்தையும், சபையார் அனைவரும் ஒரே நேரத்தில் உரத்த குரலில் அவரவர் ஜெபத்தைச் சொல்வதையும் பற்றிய பகுதி இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. குவேக்கரின் மௌனத்தையும் இந்தப் பேரோசையையும் அடுத்தடுத்துக் கேட்கும்போது, இரண்டுமே ஆவியானவரின் நடத்துதலுக்குத் தம்மைத் திறந்து வைக்கும் வழிகள் என்பது புலப்படுகிறது; உரையாளர் இந்த ஒப்புமையைத் தொடாமல் விட்டது வருந்தத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டைப் பற்றிய இறுதிப் பாடத்தின் வாதத்தோடு நான் உடன்படவில்லை. 1935 முதல் 1937 வரை ஃபிங்கன்வால்டே இறையியல் பள்ளியில் ஜெர்மானிய இறையியலாளர் போன்ஹோஃபர் தம் மாணவர்களை ஒரே வேதபகுதியின்மீது ஒரு வாரம் முழுவதும், நாள்தோறும் அரைமணி நேரம் மௌனமாகத் தியானிக்கச் செய்ததும், 1940-இல் சகோதரர் ரோஜர் பிரான்ஸின் தேசேயில் தொடங்கிய துறவறச் சமூகமும் கத்தோலிக்க வழக்கங்களைக் கடன்வாங்கியதன் விளைவு என்று பாடம் கூறுகிறது. மடங்களின் செல்வாக்கு இருந்தது உண்மையே. ஆயினும் ஜெபம், தியானம், சோதனை ஆகிய மூன்றுமே இறையியலாளரை உருவாக்குகின்றன என்று 1539-இலேயே எழுதியவர் லூத்தர். நாவிதருக்குச் சொன்ன நான்கு புரிகளும் வசனத்தை மென்று தியானிக்கும் முறைதான். முதல் பாடத்தில் தாமே சொல்லித் தந்ததை இறுதிப் பாடத்தில் மறந்துவிட்டதுபோல உரையாளர் பேசுகிறார்.

ஒலிப்பதிவு தெளிவாக உள்ளது. உரையாளர் நிதானமாகப் பேசுகிறார். கையேட்டின் எழுத்து மட்டும் மிகச் சிறியது. தம் சபையின் வழக்கத்தை மட்டுமே அறிந்த போதகர்களுக்கும், வேதபாடக் குழு நடத்துபவர்களுக்கும், ஜெபம் வறண்டுபோனதாக உணரும் எவருக்கும் இத்தொடரைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வரிசையாகக் கேட்க வேண்டியதில்லை. தனியாகக் கேட்பவர்கள் லூத்தர், சங்கீதம், மொரேவியர் பாடங்களிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பயிற்சியையும் சில வாரங்கள் கடைப்பிடித்த பின்னரே அடுத்ததற்குச் செல்வது நல்லது. மெதடிஸ்ட் பாடத்தை மட்டும், உடன் இருவர் மூவராவது சேரும்வரை ஒத்திப்போடலாம். ஆப்பிரிக்க மக்கள் தாமே நிறுவிய சபைகளுக்கு ஒரு பாடம்கூட இல்லை. மறுபதிப்பு வருமானால் முதலில் அதைச் சேர்த்துவிட்டு, அனபாப்டிஸ்ட் பாடத்தைப் பாடல்களோடு புதிதாகப் பதிவு செய்ய வேண்டும் என்று தயாரிப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.