ஜாங்கோவின் ரீடைரக்ட்வியூ: ஒரு வரி சேர்த்தால் நம்பலாம்

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையின் வெப்சைட்டை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஆடித் தள்ளுபடிக்கு முந்தைய வாரம் புடவைப் பக்கத்தின் முகவரியை மாற்றினேன். பழைய முகவரிக்கு வருபவர்களைப் புதியதற்கு அனுப்ப, பைத்தானில் வெப்சைட் கட்ட உதவும் ஜாங்கோவின் ரீடைரக்ட்வியூ. ஒரே வரி, பக்கமும் சரியாகத் திறந்தது.

மூன்றாம் நாள் கடை அண்ணாச்சி போன் செய்தார். "தம்பி, வாட்ஸப்புல விட்ட விளம்பரத்துலருந்து ஒருத்தர்கூட வரலைன்னு காட்டுதே?"

வந்திருந்தார்கள். முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் ஒட்டியிருந்த யுடிஎம்_சோர்ஸ், அதாவது ஆள் எங்கிருந்து வந்தார் என்று சொல்லும் குறிப்புதான் வழியிலேயே உதிர்ந்துவிட்டது. அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் அவர் அடுத்த வார விளம்பரத்துக்குப் பணம் ஒதுக்குவார். எனக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை.

கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ளதையும் கூடவே அனுப்பச் சொல்லும் க்வெரி_ஸ்ட்ரிங் என்ற அமைப்பு இயல்பில் ஃபால்ஸ், அதாவது அணைந்திருக்கும். ட்ரூ என்று மாற்றியதும் யுடிஎம், நிறம், விலை வடிகட்டிகள் எல்லாம் அப்படியே போய்ச் சேர்ந்தன. ஆவணத்திலும் இதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள்.

ஒரு குறை உண்டு. போய்ச்சேரும் முகவரியிலேயே ஏற்கெனவே '?' இருந்தால், '&' போட்டு இணைக்காமல் இன்னொரு '?' போட்டே ஒட்டுகிறது. அங்கெல்லாம் போகும் முகவரியைத் தயாரிக்கும் கெட்_ரீடைரக்ட்_யூஆர்எல் என்ற ஃபங்ஷனை நாமே எழுத வேண்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, பெர்மனென்ட்டும் இயல்பில் ஃபால்ஸாக இருப்பது. அதனால் போனது 302, அதாவது தற்காலிக மாற்றம் என்ற குறியீடு. அதுவே நிரந்தர மாற்றத்துக்கான 301 ஆக இருந்திருந்தால் வாடிக்கையாளர்களின் பிரவுசர்கள் அந்தத் தவறான வழியை நினைவில் வைத்திருக்கும். நான் சர்வரில் திருத்திய பிறகும் அவர்களில் பலருக்குப் பழைய வழியே தொடர்ந்திருக்கும்.