சூரியனைப் படம் பிடிக்க: வெள்ளொளித் தாளா, ஹைட்ரஜன் ஆல்ஃபாவா?

என் வீட்டு மொட்டை மாடியில் இரண்டு தொலைநோக்கிகள் நிற்கின்றன. ஒன்று 80 மி.மீ. வில்லை கொண்ட சாதாரணத் தொலைநோக்கி. அதன் முகப்பில், சூரியனின் எல்லா நிற ஒளியையும் மங்கலாக்கிக் காட்டும் வெள்ளொளி ஃபில்டர் தாள். மற்றது சூரியனுக்கென்றே செய்யப்பட்ட, ஹைட்ரஜன் வாயுவின் சிவப்பு ஒளியை மட்டும் காட்டும் 40 மி.மீ. ஹைட்ரஜன் ஆல்ஃபா தொலைநோக்கி. முதலாவதற்கான தாளைச் சில ஆயிரங்களில் வாங்கிவிடலாம். இரண்டாவதற்கு ஒரு இருசக்கர வண்டி வாங்கும் பணம் வேண்டும். மதுரையில் இருந்துகொண்டு சூரியனைப் படம் எடுக்க விரும்புகிறவர்களுக்கு எது ஏற்றது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு.

தாள் சூரிய ஒளியில் லட்சத்தில் ஒரு பங்கைத்தான் உள்ளே விடும். அதை எப்போதும் முகப்பில்தான் பொருத்த வேண்டும். கண்வில்லையில் திருகும் பழைய ஃபில்டர் சூட்டில் வெடித்தால் பார்வை போய்விடும். ஒவ்வொரு முறையும் தாளை ஒரு பல்பின் எதிரே பிடித்து, ஊசித்துளை இருக்கிறதா என்று பார்த்த பிறகே மாட்டுகிறேன். ஆடிக் காற்றில் மூடி பறந்துவிடாமல் இருக்க மூன்று பக்கமும் டேப் ஒட்டுவேன். தாளில் தெரிவது ஒளிமண்டலம், அதாவது கண்ணுக்குத் தெரியும் சூரியப் பரப்பு: சூரியப்புள்ளிகள், அவற்றின் கரிய நடுப்பகுதி, அதைச் சுற்றிய சாம்பல் நிற ஓரம். 2024 மே மாதத்துப் பெரும் புள்ளிக் கூட்டம் கிரகணக் கண்ணாடியிலேயே தெரிந்தது. தாள் வழியே அது அபாரமாக இருந்தது. ஆனால் புள்ளி இல்லாத நாளில் வெறும் வெள்ளைத் தட்டுதான் கிடைக்கும்.

ஹைட்ரஜன் ஆல்ஃபா 656.28 நானோமீட்டரைச் சுற்றிய மிகக் குறுகிய சிவப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அதில் தெரிவது ஒளிமண்டலத்துக்கு மேலே உள்ள நிறமண்டலம். ஒரு தை மாதக் காலையில் கிழக்கு விளிம்பில் ஒரு தீக்கொழுந்து, அதாவது விளிம்புக்கு மேலே எழும் வாயு, வேலியடைப்புப் போல நின்றது. படம் எடுத்துவிட்டுக் கீழே போய்க் காபி குடித்துவிட்டு வந்தேன். அடுத்த படத்தில் அந்த வேலி நடுவில் அறுந்து, ஒரு துண்டு தனியே மிதந்துகொண்டிருந்தது. புள்ளி இல்லாத நாட்களிலும் பெரும்பாலும் விளிம்பில் ஏதாவது ஒன்று எழுந்து நிற்கும்.

இந்த இடத்தில் மதுரை வெயில் தீர்ப்பை மாற்றுகிறது. வெள்ளொளியின் உண்மையான சவால், சூரியப் பரப்பு முழுவதும் கொதிக்கும் வாயுக் குமிழ்களாகத் தெரியும் மணிகளைப் பிடிப்பது. ஒவ்வொரு மணியும் சுமார் ஆயிரம் கிலோமீட்டர் அகலம்; 80 மி.மீ. வில்லைக்கு அது எல்லைக்கோடு. காற்று அசையாமல் இருந்தால்தான் அது சாத்தியம். இங்கே ஒன்பதரை மணிக்கெல்லாம் கான்கிரீட் தளம் கொதிக்க ஆரம்பித்து, சூரியனின் விளிம்பு கொதிக்கும் பாலைப் போலப் பொங்குகிறது. ஈரச்சாக்கு விரித்தால் அரை மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவுதான். தீக்கொழுந்துகளோ பூமியைப் போலப் பல மடங்கு பெரியவை. காற்று கலங்கினாலும் அவை தெரிகின்றன. ஆகவே நம் ஊரில் 40 மி.மீ. ஹைட்ரஜன் ஆல்ஃபாவுக்கு அதிக நாட்கள் வேலை இருக்கிறது.

கேமராவில் நிலைமை தலைகீழ். வெள்ளொளிக்குச் செல்போனைக் கண்வில்லையில் பிடித்தாலே கௌரவமான படம் வரும். ஹைட்ரஜன் ஆல்ஃபாவில் வண்ணக் கேமராவின் நான்கில் ஒரு பிக்சல்தான் சிவப்பை வாங்குகிறது. ஒற்றை நிறக் கேமரா வேண்டும். 400 மி.மீ. குவியத்தொலைவில் சூரியன் 3.7 மி.மீ. அகலம்தான், சிறிய சென்சாரே போதும். இரண்டாயிரம் ஃபிரேம் கொண்ட வீடியோ எடுத்து, தெளிவான பத்து சதவீதத்தை மட்டும் மென்பொருளில் அடுக்குகிறேன். பரப்புக்கு ஒன்று, மங்கலான தீக்கொழுந்துக்கு நீளமான எக்ஸ்போஷரில் இன்னொன்று என இரண்டு வீடியோ தேவை. படத்தில் வரிவரியாகக் கோடு விழுந்தால் கேமராவைச் சற்றே சாய்த்துப் பொருத்தினால் போய்விடும்.

தொலைநோக்கியைச் சூரியனோடு சேர்த்துத் திருப்பும் தாங்கி பற்றி ஒரு எச்சரிக்கை, இது இரண்டுக்கும் பொதுவானது. மதுரையில் துருவ நட்சத்திரம் அடிவானிலிருந்து பத்து பாகை உயரம்தான். தாங்கியின் அச்சு அதை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். இறக்குமதித் தாங்கிகள் பலவற்றின் அச்சு அவ்வளவு கீழே சாயாது; எடைக்கல் முக்காலியின் காலில் இடிக்கும். சித்திரை முதல் வாரத்து நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கே வந்துவிடுவதால் அந்த நேரத்தை விட்டுவிடுங்கள்.

கொடைக்கானல் சூரிய ஆய்வகம் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வெள்ளொளிப் படங்களைச் சேர்த்து வருகிறது. 1909-இல் ஜான் எவர்ஷெட் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்ததும் அங்கேதான். பள்ளிக்கு வாங்குவதானால் தாளே போதும். முப்பது மாணவர்களும் கூடிப் பார்த்துப் புள்ளிகளை எண்ணலாம். தனியாளாக, ஆண்டு முழுவதும் எடுக்கப் போகிறேன் என்றால் பணம் சேரும்வரை காத்திருந்தாவது ஹைட்ரஜன் ஆல்ஃபாவை வாங்குங்கள். பழையதாகக் கிடைத்தால், உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். ஃபில்டர் பால் படிந்தது போல மங்கியிருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.