ஹார்த்ஸ்டோனில் இருப்பவர் மேஜிக் அரீனாவுக்குத் தாவலாமா?

ஹார்த்ஸ்டோன் என்ற டிஜிட்டல் அட்டை விளையாட்டை ஓரளவு நன்றாக ஆடத் தெரிந்த எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வரும். டெக்குகள், அதாவது ஆடக் கட்டிவைத்த கார்டுக் கட்டுகள், பழகிவிட்டன. எதிராளி நாலாவது டர்னில் எதை இறக்குவார் என்பதை ஊகிக்க முடிகிறது. அப்போது யாராவது ஒருவர் "மேஜிக் ஆடிப் பாருங்களேன்" என்பார். சரி என்று மேஜிக்: த கேதரிங் அரீனாவைத் திறந்தால் முதல் மணி நேரத்திலேயே தலை சுற்றும். ஒரு டர்னுக்குள் இத்தனை கட்டங்களா? எதிராளியின் டர்னில் என்னிடம் ஏன் அனுமதி கேட்கிறது? கார்டு போடும் சக்தியைத் தரும் லேண்ட் கார்டு வரவில்லை என்றால் சும்மா உட்கார வேண்டியதுதானா?

இரண்டில் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் எனக்குப் பதில் இல்லை. ஆனால் யார் தாவலாம், யார் தாவ வேண்டாம் என்பதற்கு ஒரு தெளிவான கோடு இருக்கிறது என்று நம்புகிறேன். எதிராளி ஆடும்போதும் யோசித்துக்கொண்டே இருப்பது உங்களுக்குப் பிடிக்குமா? பிடிக்கும் என்றால் மேஜிக் உங்களுக்கான விளையாட்டு. தன் டர்னை முடித்துவிட்டுச் சற்று மூச்சு விட விரும்புபவருக்கு ஹார்த்ஸ்டோனே நல்லது.

முதலில் எலும்புக்கூட்டைப் பார்ப்போம். ஹார்த்ஸ்டோன் 2014 மார்ச்சில் வந்தது. 30 கார்டு டெக், ஒரே கார்டு இரண்டு வரை, லெஜண்டரி எனும் மிக அரிய கார்டு என்றால் ஒன்றுதான். 30 உயிர். கார்டு போடச் செலவாகும் மானா டர்னுக்கு ஒன்றாகத் தானாகக் கூடி 10 வரை போகும். மேஜிக் 1993இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கிய அட்டை விளையாட்டு. அதன் இன்றைய டிஜிட்டல் வடிவமான அரீனா 2019 செப்டம்பரில் முழுமையாக வெளியானது. குறைந்தது 60 கார்டு, அடிப்படை லேண்ட் தவிர ஒரே கார்டு நான்கு வரை, 20 உயிர். மானா தானாக வராது. லேண்ட் கார்டுகளை டெக்கிலேயே வைத்து, கைக்கு வரும்போது டர்னுக்கு ஒன்றாக இறக்க வேண்டும்.

மேஜிக்கின் விதிப்புத்தகம் 200 பக்கத்துக்கு மேல் போகும். எந்த ஒரு கணினிக் கணக்கையும் இந்த விளையாட்டின் விதிகளுக்குள்ளேயே நடத்திக்காட்ட முடியும் என்று 2019இல் ஓர் ஆய்வுக் கட்டுரையே வந்தது. இதைக் கேட்டுப் பயப்படத் தேவையில்லை. விதிகளை அமல்படுத்துவது அரீனாவின் வேலை. செய்யக் கூடாததைச் செய்ய அது விடாது, எது எந்த வரிசையில் நடக்கும் என்பதைத் திரையில் அடுக்கிக் காட்டும். விதி அதிகம் இருப்பது உண்மையில் உங்கள் சுமை ஆகாது. முடிவெடுக்க வேண்டிய இடங்கள் அதிகம் இருப்பதுதான் சுமை. வேறுபாடு முழுவதும் அங்கேதான் கிடக்கிறது.

எதிராளியின் டர்ன்

ஹார்த்ஸ்டோனில் எதிராளி ஆடும்போது நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. சீக்ரெட் எனும் மறைவான கார்டை முன்பே வைத்திருந்தால் அது தானாக வெடிக்கும், அவ்வளவுதான். மேஜிக்கில் இன்ஸ்டன்ட் வகை ஸ்பெல்களை (மந்திரக் கார்டுகளை) எந்த நேரத்திலும் போடலாம்: எதிராளி ஸ்பெல் போடும்போது, தாக்கும்போது, அவர் டர்ன் முடியப்போகும் கடைசி நொடியில். நீங்கள் ஒன்றைப் போட்டால் அதற்குப் பதிலாக அவரும் போடலாம். கடைசியாகப் போட்டது முதலில் நடக்கும்.

இதன் விளைவு எவ்வளவு பெரிது என்பதற்கு ஒரு காட்சி. உங்களிடம் நாலு லேண்ட், கையில் உங்கள் டெக்கின் மிகச் சிறந்த கிரீச்சர் (சண்டையிடும் உயிரினக் கார்டு). எதிராளி தன் டர்னில் ஒன்றும் செய்யாமல் இரண்டு நீல லேண்டைச் செலவழிக்காமல் திறந்து வைத்திருக்கிறார் (மேஜிக்கில் கார்டும் லேண்டும் நிறவாரியானவை). நீங்கள் போடும் கார்டை ரத்து செய்யும் இன்ஸ்டன்ட் அவர் கையில் இருக்கலாம். அல்லது இரண்டு மானாவுக்குப் போட எதுவும் இல்லாமலேயே ஏதோ இருப்பதுபோல் அவர் நடிக்கலாம். நல்ல கிரீச்சரை இப்போதே இறக்குவதா, சுமாரான ஒன்றை முதலில் அனுப்பி ஆழம் பார்ப்பதா? காத்திருந்தால் உங்களுக்கும் ஒரு டர்ன் வீண். அவருக்கோ அடுத்த டர்னில் இன்னொரு லேண்ட் சேர்ந்துவிடும்.

ஹார்த்ஸ்டோனின் சீக்ரெட்டோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே கேள்விக்குறி திரையில் தெரிகிறது. ஏதோ இருக்கிறது என்பதாவது உறுதி. எதிராளி எந்த கிளாஸ் (நாயக வகை) என்பதும் தெரியும், இருக்கக்கூடிய சீக்ரெட்டுகளை விரல் விட்டு எண்ணி ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம். திறந்து கிடக்கும் லேண்ட் அப்படி எதையும் ஒப்புக்கொள்வதில்லை. பொய் சொல்ல இடம் தருகிற விளையாட்டு அது. எனக்கு மேஜிக்கின் மேல் இருக்கும் பிரியத்தில் பாதி இதனால்தான்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. அரீனா அடிக்கடி நின்று உங்களைக் கேட்கும். செய்ய எதுவும் இல்லாதபோது அது தானாகவே நகர்ந்துவிடும். ஆனால் கையில் இன்ஸ்டன்ட் இருந்தால் தேவையில்லாத இடங்களிலும் ஒரு கணம் தயங்கும். அந்தத் தயக்கத்தை வைத்தே எதிராளி உங்கள் கையில் ஏதோ இருக்கிறது என்று மோப்பம் பிடிப்பார்.

தாக்குதல்

ஹார்த்ஸ்டோனில் யாரை அடிப்பது என்பதைத் தாக்குபவர் தீர்மானிக்கிறார். தன்னை முதலில் அடிக்க வைக்கும் டான்ட் மினியன் குறுக்கே இல்லாவிட்டால், உங்கள் 3/3 மினியன் (3 தாக்கும் பலம், 3 உயிர் உள்ள படைக் கார்டு) எதிரியின் 2/2 மினியனை அடிக்கும். 2/2 சாகும், உங்களுடையது 3/1 ஆக நிற்கும். முடிவு முன்கூட்டியே தெரிந்த கணக்கு. பட்ட காயமும் அப்படியே தங்கும்.

மேஜிக்கில் நீங்கள் பொதுவாக எதிராளியைத்தான் தாக்குகிறீர்கள். எந்த கிரீச்சர் எதைத் தடுக்கும் என்று தீர்மானிப்பது அவர். உங்கள் 3/3 வருகிறது, அவரிடம் ஒரு 2/2, கூடவே திறந்த லேண்ட். அவர் துணிந்து பிளாக் செய்தால், தன் கிரீச்சரைப் பெரிதாக்கும் ஏதோ ஒன்று கையில் இருக்கிறது என்று பொருளா? பிளாக் செய்யாமல் 3 உயிரை விட்டால், உங்கள் கிரீச்சர் தாக்கியதால் இப்போது டாப் (tap: பயன்படுத்தியதாகச் சாய்த்து வைக்கப்பட்ட நிலை) ஆகிவிட்டது, அடுத்த டர்னில் அவர் 2/2 தாக்க வரும்போது இதை வைத்துத் தடுக்க முடியாது. ஆக ஒவ்வொரு தாக்குதலும் உங்கள் காவலையும் திறந்துவிடுகிறது. டர்ன் முடிந்ததும் பிழைத்தவற்றின் காயமெல்லாம் ஆறிவிடும் என்பதால், பெரிய கிரீச்சரைச் சிறுகச் சிறுக அடித்துச் சாய்க்கும் ஹார்த்ஸ்டோன் பழக்கம் இங்கே உதவாது. தாவி வருபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். ஹார்த்ஸ்டோனில் மினியனுக்கு மினியன் அடித்துப் பலகையைச் சுத்தமாக வைப்பது பெரும்பாலும் நல்ல பழக்கம். மேஜிக்கில் அதே மனதோடு வந்தால், தாக்க வேண்டிய நேரத்தில் கைகட்டி நிற்போம்.

அதிர்ஷ்டம் எங்கே ஒளிந்திருக்கிறது

லேண்ட் பற்றிய புகார் நியாயமானது, அதை மழுப்ப விரும்பவில்லை. 60 கார்டு டெக்கில் 24 லேண்ட் வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். முதல் 7 கார்டில் லேண்டே இல்லாமலோ ஒன்றே ஒன்றோடோ வருவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 14 சதவீதம். ஐந்தோ அதற்கு மேலோ வருவது இன்னொரு 8 சதவீதம். அதாவது ஐந்தில் ஒரு கை கோணலாக வரும். மாற்றிக்கொள்ளலாம், ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு கார்டை டெக்கின் அடியில் வைத்தாக வேண்டும். ஹார்த்ஸ்டோனில் வேண்டாத கார்டை மட்டும் இழப்பே இல்லாமல் மாற்றலாம். ஒற்றை ஆட்டப் போட்டிகளில் அரீனா உள்ளுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட கைகளை எடுத்துப் பார்த்து, லேண்ட் விகிதம் பொருத்தமாக உள்ளதைத் தர முயல்கிறது. அது கோணலைக் குறைக்கும், ஒழிக்காது.

ஆனால் ஹார்த்ஸ்டோனில் அதிர்ஷ்டம் இல்லை என்று சொல்ல முடியுமா? அங்கே அது கார்டின் வாசகத்திலேயே இருக்கிறது: ஏதாவது ஒரு மினியனை அழை, ஏதாவது ஓர் எதிரியை அடி. 2015இல், காட்டப்படும் மூன்று கார்டுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வைக்கும் டிஸ்கவர் திறன் வந்த பிறகு, டெக்கிலேயே இல்லாத கார்டு ஒன்று எதிராளி கையில் முளைத்து ஆட்டத்தை முடிப்பது சர்வ சாதாரணம். மேஜிக்கின் அதிர்ஷ்டம் ஆட்டத்தின் தொடக்கத்தில் கடிக்கும், ஹார்த்ஸ்டோனின் அதிர்ஷ்டம் நடுவிலும் முடிவிலும் கடிக்கும். ஆடவே முடியாமல் தோற்பதா, நன்றாக ஆடிவிட்டுத் தோற்பதா என்று கேட்டால் இரண்டாவதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. வேறு ஒருவருக்கு நேர்மாறாக இருக்கலாம்.

சேகரிப்பு

இதில் ஹார்த்ஸ்டோன் புதியவரிடம் கருணையோடு நடந்துகொள்கிறது. 2021 முதல் கோர் செட் எனும் அடிப்படைக் கார்டுத் தொகுப்பு இலவசம். வேண்டாத கார்டை உடைத்து, புதிய கார்டு செய்ய உதவும் டஸ்ட் ஆக்கலாம். லெஜண்டரி செய்ய 1600 டஸ்ட், உடைத்தால் 400தான் திரும்பும் என்பது கசப்பானாலும், தவறான தேர்விலிருந்து மீள ஒரு வழி இருக்கிறது. அரீனாவில் உடைக்கும் வசதியே கிடையாது. வைல்ட்கார்டு என்று தருவார்கள், அதே அரிதுத் தரத்தில் உள்ள எந்தக் கார்டாகவும் மாற்றிக்கொள்ளலாம், மாற்றினால் மாற்றியதுதான். ஒரே ரேர் (அரிய) கார்டு நான்கு தேவைப்படும் டெக்குகளில் ரேர் வைல்ட்கார்டுதான் முதலில் தீரும். இரண்டு நிற டெக் என்றால் இரு நிறமும் தரும் லேண்டுகளே ரேராக இருக்கும், அவை மட்டும் எட்டு ரேர் வைல்ட்கார்டைத் தின்றுவிடும்.

புதிய செட்டுகளின் வேகமும் வேறு. ஹார்த்ஸ்டோனுக்கு வழக்கமாக ஆண்டுக்கு மூன்று பெரிய வெளியீடுகள். அண்மைய செட்டுகளை மட்டும் அனுமதிக்கும் மேஜிக்கின் ஸ்டாண்டர்டு ஆட்டமுறைக்கு 2025இல் மட்டும் ஆறு. ஸ்டாண்டர்டில் கார்டுகள் ஏறத்தாழ மூன்று ஆண்டு வரை செல்லுபடியாகும் என்பது ஆறுதல். ஆனாலும் எல்லா டெக்கும் வேண்டும் என்று ஆசைப்படுபவர் அரீனாவில் காசையோ பொறுமையையோ நிறைய இழப்பார். ஒரே டெக்கை நீண்ட நாள் வைத்து மெருகேற்றுபவருக்குப் பிரச்சினை குறைவு.

நேரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஹார்த்ஸ்டோன் டர்னுக்கு 75 நொடி, ஓர் இடைவேளைக்குள் ஆட்டம் முடிந்துவிடும். அரீனாவில் ஒற்றை ஆட்டமும் அப்படியே ஆடலாம். மூன்றில் இரண்டு வெல்ல வேண்டிய போட்டி, ஆட்டங்களுக்கு இடையே மாற்றிக்கொள்ள உதவும் 15 கார்டு சைட்போர்டோடு, முழுதாக உட்கார்ந்து ஆடுபவர்களுக்கானது.

இன்னும் சில கதவுகள்

சிக்கல் கூடினால் ஆழமும் கூடும் என்று நினைத்துவிடக் கூடாது. அதே கார்ஃபீல்டின் வடிவமைப்பில் வால்வ் நிறுவனம் 2018 நவம்பரில் வெளியிட்ட ஆர்ட்டிஃபேக்ட் அதற்குச் சாட்சி. ஒரே நேரத்தில் மூன்று பலகைகள். எண்ணிப் பார்க்க ஏராளம், ஆனால் தோற்றவருக்கு ஏன் தோற்றோம் என்று பிடிபடுவது கடினம். ஆட வந்தவர்கள் வேகமாகக் கரைந்தார்கள், 2021 மார்ச்சில் அதை மேம்படுத்தும் வேலையே நிறுத்தப்பட்டது. மேஜிக்கில் தோல்விக்குக் காரணம் பெரும்பாலும் தெரிகிறது: அந்த டர்னில் தாக்கியிருக்கக் கூடாது, அந்த ஸ்பெல்லைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். புதிய விளையாட்டு எதையும் நான் இதை வைத்தே எடைபோடுவேன்.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது ரயட் நிறுவனத்தின் லெஜண்ட்ஸ் ஆஃப் ருனெட்ரா. மாறி மாறிப் பதில் சொல்லும் ஆட்டம், மானா தானாக வரும், கார்டு சேர்ப்பதும் சுலபம். ஆனால் 2024 முதல் அவர்கள் கவனம் தனிநபர் ஆட்டத்தின் பக்கம் திரும்பிவிட்டது. ஆளோடு மோத விரும்புபவருக்கு இன்று அதைச் சிபாரிசு செய்ய மனம் வரவில்லை. ஆழம் வேண்டும், எதிராளியும் கடிகாரமும் வேண்டாம் என்பவர்கள் மேஜிக்கை விட்டுவிட்டு ஸ்லே த ஸ்பயர் பக்கம் போகலாம். போகப் போக டெக்கைக் கட்டும் தனிநபர் ஆட்டம் அது, ஒரு முறை வாங்கினால் கார்டு பேக் வாங்கும் தொல்லையும் இல்லை.

தாவுவதென்று முடிவெடுத்தால்

ஹார்த்ஸ்டோனை அழிக்காதீர்கள். அரீனா தொடக்கத்தில் தரும் ஒற்றை நிற டெக்குகளோடு கலர் சேலஞ்ச் எனும் பயிற்சிச் சுற்றை முடியுங்கள், அப்புறம் இலவசமாகக் கிடைக்கும் மற்ற டெக்குகளில் எல்லா நிறத்தையும் ஒரு சுற்று ஆடிப் பாருங்கள். அதுவரை ஒரு வைல்ட்கார்டைக்கூடச் செலவழிக்க வேண்டாம். எந்த நிறம் மனதில் ஒட்டுகிறதோ அதற்கான லேண்டுகளுக்கு முதலில் செலவழித்தால், டெக் மாறினாலும் அவை கூடவே வரும்.

தினசரி குவெஸ்டுகள் (சிறு பணிகள்) 500 அல்லது 750 கோல்டு (விளையாட்டுக்குள் செல்லும் காசு) தரும். அதைப் பேக் வாங்கிக் கரைக்காமல் 5000 சேர்த்து குயிக் டிராஃப்டில், அதாவது கார்டுகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து அவற்றில் டெக் கட்டி ஆடும் போட்டியில், நுழையுங்கள். கார்டு தேர்ந்தெடுக்கும்போது எதிரே இருப்பவை கணினி நிரல்கள் (bot), கடிகாரம் ஓடாது, ஒவ்வொரு கார்டையும் நிதானமாகப் படிக்கலாம். 40 கார்டு டெக், பொதுவாக 17 லேண்ட். ஏழு வெற்றி அல்லது மூன்று தோல்வி வரை ஓடும், எடுத்த கார்டுகள் எல்லாம் உங்களுக்கே சொந்தம். முதல் ஓட்டம் ஒரு வெற்றியோடு முடிந்தாலும், எப்போது தாக்குவது, எப்போது பிளாக் செய்ய ஆள் நிறுத்துவது என்பது இங்கே பழகும் அளவுக்கு வேறெங்கும் பழகாது.