நகரியில் ஒரு களிக்கடை: சண்டைக்கு முன்னும் பின்னும்

திருத்தணியிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் சாலையில், ஆந்திர மாநிலத்து நகரியில் இருக்கும் அந்தக் களிக்கடையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் அடுப்பில் நானும் ஒரு விறகைச் செருகியதாகிவிடும். ஆறேழு ஆண்டுகளாக மாதம் ஒருமுறையேனும் அங்கே சாப்பிடுகிறேன் என்பதால், போன ஆண்டு பரவிய காணொளிக்கு முன்பும் பின்பும் அந்தக் கடையை நன்கு அறிவேன்.

காணொளிக்கு முன்பு நான்கு பெஞ்சுகள்தான். விசைத்தறிக்காரர்களும் லாரி ஓட்டுநர்களும் வருவார்கள். ஒருவர் தெலுங்கில் சங்கட்டி என்பார், அடுத்தவர் தமிழில் களி என்பார், இரண்டும் ஒரே சட்டியிலிருந்துதான் வரும். குழைந்த சோற்றின்மேல் கேழ்வரகு மாவைக் குவித்து மூடிவைத்து, மாவு வெந்த மணம் எழுந்த பிறகே கடைக்கார அம்மாள் துடுப்பைக் கையில் எடுப்பார். ஈரக்கையால் உருட்டிய உருண்டை இலையில் பளபளவென்று உட்காரும். நடுவில் குழி பறித்து நாட்டுக்கோழிக் குழம்பை ஊற்றினால், அது ஓடிவிடாமல் குழியிலேயே நிற்கும்.

கூடுதலாக ஊற்றிய ஒரு கரண்டிக் குழம்புக்குக் காசு கேட்டதுதான் சண்டையின் தொடக்கம். வெளியூர் இளைஞர் ஒருவர் கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நியாயம் கேட்க, அம்மாள் கரண்டியும் கையுமாக வந்து இரண்டு மொழியிலும் வைதார். பாதிப்பேர் அவரைத் திட்டினார்கள், பாதிப்பேர் புகழ்ந்தார்கள். அடுத்த வாரமே வரிசை சாலைவரை நின்றது.

இந்தக் கூட்டத்தை வளர்ச்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போன சனிக்கிழமை எனக்கு முன்னால் நின்ற மூவர், "யக்கா, எங்களையும் ஒரு தடவை திட்டுங்க" என்று கேட்டு, அதைப் படம்பிடித்துக்கொண்டு, பாதிக் களியை இலையிலேயே விட்டு எழுந்தார்கள். அவரும் சிரிக்காமல் ஏதோ சொல்லி அனுப்பினார். அவர் இப்போது கல்லாவில்தான் இருக்கிறார். களி கிண்டுவது கூலியாட்கள். காலை பத்து மணிக்கே அண்டாவில் கிண்டி மூடிவைப்பதால், மதியத்துக்குள் உருண்டைமேல் தோல் கட்டிவிடுகிறது. குழம்பு குழியில் நிற்பதில்லை, இலையின் ஓரத்தைத் தேடி ஓடுகிறது. வேர்க்கடலைச் சட்னி மட்டும் மாறவில்லை. அதை இன்னமும் அவரே அரைக்கிறாராம்.

சர்ச்சையால் உயர்ந்தவர்களே இல்லையா என்று என்னுடன் வந்த நண்பர் கேட்டார். ஐதராபாத்தில் சாலையோரம் சோறு விற்ற குமாரி ஆன்ட்டியின் கடையை 2024 ஜனவரி இறுதியில் போக்குவரத்து நெரிசலைக் காட்டிப் போலீசார் நிறுத்த, தெலங்கானா முதலமைச்சர் ரேவந்த் ரெட்டியே தலையிட்டு அதே இடத்தில் தொடர வழிசெய்தது நண்பருக்கு நினைவிருந்தது. ஆனால் அங்கே சோற்றுக்கான கூட்டம் முன்பே இருந்தது. கூட்டத்தால்தான் தகராறே வந்தது. இங்கோ தகராறு முந்திக்கொண்டது. நகரிக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு நடிகை ரோஜா. 2014-இல் 858 வாக்கு வித்தியாசத்தில் இத்தொகுதியில் வென்றார். 2015 டிசம்பரில் சட்டமன்றத்திலிருந்து ஓராண்டு இடைநீக்கம் செய்யப்பட்டு மாநிலம் முழுக்கப் பேசப்பட்டார். அத்தனை பேச்சுக்குப் பின்னும் 2019-இல் கிடைத்த வித்தியாசம் 2,708 வாக்குகள்தான். 2022-இல் அமைச்சரானார், 2024-இல் தோற்றார். திரையில் ஏற்கெனவே சம்பாதித்த முகம் அவருக்கு இருந்தது; களிக்கடை அம்மாளிடம் இருந்தது கைப்பக்குவம் ஒன்றே, அதையும் கல்லாப்பெட்டி வாங்கிக்கொண்டுவிட்டது.

போக விரும்புவோர் வாரநாளில் பதினோரு மணிக்குள் போங்கள். களி சூடு ஆறாமல் கிடைக்கும். ஐந்துக்கு இரண்டரை மதிப்பெண் தருவேன், அதில் ஒன்று சட்னிக்கு. கூடுதல் குழம்புக்கு இப்போது காசு வாங்குவதில்லை; நானும் கேட்கவில்லை.