கோட்பாதர்: படம் பார்த்தவர்களும் வாசிக்கலாம்

படத்தைத்தான் பலமுறை பார்த்தாச்சே, இனிப் புத்தகத்தில் என்ன இருக்கப்போகிறது என்று நினைத்தபடிதான் 1969இல் வந்த மரியோ பூசோவின் இந்த நாவலைக் கல்முனையில் பஸ் ஏறியதும் திறந்தேன், களுவாஞ்சிக்குடி தாண்டியதே தெரியவில்லை.

மகளை அடித்துச் சிதைத்த பொடியன்களை நீதிமன்றம் சும்மா விட்டுவிட, பொனசேரா என்ற தகப்பன் நியாயம் தேடி மாஃபியாத் தலைவர் டொன் கொர்லியோனிடம் போக முடிவெடுக்கிறான். அவ்வளவுதான், மாஃபியா எப்படிப் பிழைக்கிறது என்பது முதல் சில பக்கங்களிலேயே விளங்கிவிடும். டொன் காசு கேட்பதில்லை, கடமைப்பட வைக்கிறார். நம்மூரில் ஒருவர் செய்த உதவியை அவர் வீட்டுக் கலியாணம் வரைக்கும் மறக்க முடியாதே, அதுமாதிரி, ஆனால் துவக்கோடு!

டொன்னின் மகன் மைக்கேலின் பழிவாங்கலில் அவசரமே இல்லை. சிசிலியில் அவனுக்கு நடந்ததற்கான கணக்கு, 1972இல் வந்த படத்தில் விடுபட்டது, இங்கே தீர்கிறது.

பாடகன் ஜானி ஃபொன்டேனின் ஹொலிவூட் கதையும் லூசி என்ற பெண்ணின் பக்கங்களும் சரியான இழுவை, சிலதைத் தாண்டித்தான் போனேன். பெண்களை எழுதிய விதமும் பிடிக்கவில்லை. கடனில் இருந்தபோது காசுக்காக எழுதியது என்று பூசோவே ஒத்துக்கொண்டவர், அது அங்கங்கே தெரிகிறது. ஆங்கிலம் லேசுதான், ஓ.எல். பரீட்சை அளவு ஆங்கிலத்தோடு சமாளிக்கலாம்.