பதினேழு வருடத்தில் மூன்று கேபிள்: ஃபயர்வயர், யூஎஸ்பி, தண்டர்போல்ட்

என் அறைக்குப் புதிதாக எந்த ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக் ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் அனுப்பும் பெட்டி) வந்தாலும் முதல் வேலை, எலக்ட்ரானிக் தம்பூராவை மைக் முன்னால் வைத்து ஒரு மணி நேரம் பதிவு செய்வது. அப்புறம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முழுவதையும் கேட்பேன். எங்கேயாவது ஒரு 'டிக்' வந்தால் இணைப்பு சரியில்லை என்று அர்த்தம். சுருதி விடாமல் ஒரே சீராகப் போவதால், நடுவில் துளி விட்டுப்போனாலும் காது பிடித்துவிடும். மிருதங்கத்தில் இது சட்டென்று தெரியாது. நான் அதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

2008-ல் கோவையில் வீட்டு மாடி அறையில் பதிவு செய்ய ஆரம்பித்தபோது, எட்டு மைக் போடக்கூடிய ஃபயர்வயர் இன்டர்ஃபேஸ் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். ஃபயர்வயர் என்பது யூஎஸ்பி போலக் கருவிகளைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஒரு கேபிள் வகை. அப்போது எட்டு சேனல் என்றாலே பெரும்பாலும் ஃபயர்வயர்தான். 2001-ல் மோட்டு நிறுவனம் 828 என்ற பெட்டியைக் கொண்டுவந்து தொடங்கி வைத்த வழி அது. என் கம்ப்யூட்டரில் ஃபயர்வயர் போர்ட் இல்லை. சென்னை போயிருந்தபோது ரிச்சி தெருவில் இருந்ததிலேயே மலிவான ஒரு பிசிஐ கார்டை (கம்ப்யூட்டருக்குள் சொருகிப் புது போர்ட் தரும் அட்டை) வாங்கி வந்து சொருகினேன்.

முதல் பெரிய வேலை, ஒரு மிருதங்க வித்வானின் நாற்பது நிமிடத் தனி ஆவர்த்தனம். அன்று கேட்டபோது எல்லாம் சரியாக இருந்தது. ஒரு வாரம் கழித்து ஒவ்வொரு ட்ராக்காகத் தனியே போட்டுக் கேட்டேன். தம்பூரா ட்ராக்கில் பதினோரு இடத்தில் டிக். விட்டுப்போவது எல்லா ட்ராக்கிலும் ஒரே நொடியில்தான் விட்டுப்போகும், ஆகவே மிருதங்கத்திலும் அதே பதினோரு இடத்தில் காயம். சொற்கட்டு அதை மூடி மறைத்திருந்தது, அவ்வளவுதான். வித்வானிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "இன்னொரு தடவை வாசிக்கலாம் தம்பி, ஆனா அன்னிக்கு வந்தது வராது" என்றார்.

காரணம், கார்டில் ஃபயர்வயர் போக்குவரத்தை நடத்தும் கன்ட்ரோலர் சிப். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப் உள்ள கார்டைப் பயன்படுத்துங்கள் என்று இன்டர்ஃபேஸோடு வந்த கையேட்டிலேயே போட்டிருந்தது. யார் படித்தது? அந்தச் சிப் உள்ள வேறு கார்டை மாற்றினேன், டிக் நின்றது. இரண்டு கார்டுமே 400 மெகாபிட்தான்.

வேகக் கணக்கை அப்போதுதான் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். ஒரு சேனலுக்கு நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலியை ஒரு தடவை அளந்தது ஒரு சாம்பிள்), ஒவ்வொன்றும் 24 பிட். பெருக்கினால் நொடிக்கு 1.15 மெகாபிட். பதினாறு மைக் ஒரே நேரத்தில் ஓடினாலும் 18.4 மெகாபிட்தான். 2000-ல் வந்த யூஎஸ்பி 2.0-வின் வேகம் 480 மெகாபிட். அதில் பாதிதான் நடைமுறையில் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டாலும் தாராளமாகப் போதும். ஆக, ஒலிக்கு வேண்டியது அகலமான சாலை இல்லை. நேரம் தவறாமல் வரும் பஸ்.

அந்த விஷயத்தில் ஃபயர்வயர் நல்ல பஸ். ப்ராசஸரை அதிகம் தொந்தரவு செய்யாமல் நேராக மெமரிக்குத் தரவைத் தள்ளிவிடும். யூஎஸ்பி அப்படி இல்லை, ஒவ்வொன்றுக்கும் கம்ப்யூட்டர்தான் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டும். நான்கு வருடம் அந்தப் பெட்டி ஒரு டேக்கைக்கூடக் கெடுக்கவில்லை. கெடுத்தது நான்தான்.

2012-ன் மின்வெட்டு எங்கள் ஊர்க்காரர்களுக்கு மறந்திருக்காது. கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று பார்த்துத்தான் பாடகர்களை வரச் சொல்வேன். ஒரு நாள் கரண்ட் வந்த அவசரத்தில், அரை இருட்டில், மேஜைக்கு அடியில் கையை விட்டு ஆறு பின் ஃபயர்வயர் பிளக்கைத் தலைகீழாகச் சொருகினேன். அந்த பிளக்கை அழுத்தினால் தலைகீழாகவும் உள்ளே போய்விடும். அதில் மின்சாரமும் வரும், யூஎஸ்பியின் 5 வோல்ட்டைவிட நன்றாகவே அதிகம். லேசாக ஒரு கருகல் வாசனை. பெட்டியில் விளக்குகள் எரிந்தன, ஆனால் கம்ப்யூட்டர் அதை அடையாளம் காணவே இல்லை.

அப்படித்தான் யூஎஸ்பி 2.0-வுக்கு வந்தேன், வேண்டாவெறுப்பாக. எட்டு மைக், கூடவே ஆப்டிகல் ஏடாட் நுழைவாயில் (ஒரே ஒளிக்கேபிளில் எட்டு சேனலை வாங்குவது) உள்ள பெட்டி. தம்பூராச் சோதனையில் முதல் நாளே தோற்றது. ஆனால் குற்றம் பெட்டியில் இல்லை. லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டுப் பார்த்தால், லேப்டாப்பின் வைஃபை டிரைவர் அவ்வப்போது கம்ப்யூட்டரைப் பிடித்து நிறுத்தி வைக்கிறது. வைஃபையை அணைத்தேன். மின்சாரம் மிச்சம் பிடிக்க யூஎஸ்பி போர்ட்டைத் தூங்க வைக்கும் விண்டோஸ் அமைப்பையும் அணைத்தேன். ஹப் எதுவும் இல்லாமல் நேராகச் சொருகினேன். அதன்பின் எட்டு வருடம் ஓடியது. வருத்தம் ஒன்றே ஒன்றுதான், லேட்டன்சி: மைக்கில் போன ஒலி கம்ப்யூட்டர் வழியாக ஹெட்போனுக்குத் திரும்ப ஆகும் தாமதம்.

பஃபரை (கம்ப்யூட்டர் ஒரு தடவையில் சேர்த்து வாங்கும் ஒலியின் அளவு) 128 சாம்பிளில் வைத்தால் போக 2.7 மில்லி விநாடி, வர 2.7. டிரைவர் தன் பங்குக்கு ஒளித்து வைப்பதையும் சேர்த்தால் என் பெட்டியில் மொத்தம் பத்து மில்லி விநாடி. ஒலி காற்றில் ஒரு மில்லி விநாடிக்கு 34 செ.மீ. போகும், ஆகவே மூன்றரை மீட்டர் தள்ளி நிற்கும் ஸ்பீக்கரைக் கேட்பது போல. மேடையில் இது சாதாரணம்தான். ஆனால் ஹெட்போனில் தன் குரலைக் கேட்டுப் பாடுகிறவருக்கு அப்படி இல்லை. எலும்பு வழியாக வரும் குரலும் தாமதமாக வரும் குரலும் கலந்து, குழாய்க்குள் பாடுவது போல இருக்கும். இதற்கு மருந்து டைரக்ட் மானிட்டரிங்: மைக் ஒலி கம்ப்யூட்டருக்குப் போய்த் திரும்பாமல் பெட்டியிலிருந்தே ஹெட்போனுக்கு வந்துவிடும். குரலும் வாத்தியமும் மட்டும் பதிவு செய்கிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். தண்டர்போல்ட்டுக்குச் செலவழிக்கும் பணத்தில் இன்னொரு நல்ல மைக் வாங்குங்கள் என்பேன்.

நான் ஏன் வாங்கினேன்? கீபோர்டு வாசிக்கும் என் மகளுக்காக. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பியானோவை வாசிக்கும்போது டைரக்ட் மானிட்டரிங் உதவாது, ஒலி பிறப்பதே கம்ப்யூட்டருக்குள்தான். "அப்பா, கட்டை அழுத்தினப்புறம் சத்தம் வருது" என்பாள். 2021-ல் தண்டர்போல்ட் 3 பெட்டி வந்தது. தண்டர்போல்ட், பிசிஐ கார்டை வெளியே கேபிளில் இழுத்து வைத்தது போன்றது. பஃபர் 32 சாம்பிளிலேயே நிம்மதியாக ஓடுகிறது. போய்வர நான்கு மில்லி விநாடிக்குள். மகள் அதற்கப்புறம் எதுவும் சொல்லவில்லை.

அந்தப் பெட்டி வந்த அன்று இரண்டு மணி நேரம் வேலை செய்யவே இல்லை. போன் சார்ஜ் செய்யும் கேபிளைச் சொருகியிருந்தேன். யூஎஸ்பி-சி என்பது பிளக்கின் வடிவம் மட்டும்தான், உள்ளே ஓடுவது என்ன என்பதை அது சொல்லாது. தண்டர்போல்ட் கேபிளில் சின்ன மின்னல் குறி இருக்கும், கம்ப்யூட்டர் போர்ட்டின் அருகிலும் பெரும்பாலும் இருக்கும். இரண்டையும் பார்க்காமல் பணம் கட்ட வேண்டாம். மாறாக, ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் மூன்றாம் தலைமுறை போன்ற பெட்டிகளில் சி வடிவப் போர்ட் இருந்தாலும் உள்ளே ஓடுவது யூஎஸ்பி 2.0 வேகம்தான். மேலே போட்ட கணக்கைப் பார்த்தால் அதில் குறை ஒன்றும் இல்லை. நிஜமாகவே வேகமான போர்ட் வேண்டியது ஹார்ட் டிஸ்க்குக்கு. பெரிய பியானோ ஒலித் தொகுப்புகளை வெளி எஸ்எஸ்டியிலிருந்து ஓட்டுகிறவர்கள் யூஎஸ்பி 3-ஐ அதற்கு ஒதுக்குங்கள். வயர்லெஸ் மவுஸின் ரிசீவரை மட்டும் அதன் பக்கத்தில் சொருக வேண்டாம், மவுஸ் திக்கும்.

கருகிய ஃபயர்வயர் பெட்டியை நான் தூக்கிப் போடவில்லை. அதன் மைக் ப்ரீஆம்ப்கள் (மைக்கின் மெல்லிய மின்குறியைப் பெருக்கும் பகுதிகள்) நன்றாகவே இருந்தன, பின்னால் ஏடாட் ஆப்டிகல் வெளியீடும் இருந்தது. ஒரே ஒரு ஆப்டிகல் கேபிளில் எட்டு மைக்கும் யூஎஸ்பி பெட்டிக்குள் போயின, இப்போது தண்டர்போல்ட் பெட்டிக்குள் போகின்றன. இரண்டு பெட்டியில் ஒன்றின் க்ளாக்கை (சாம்பிள் எடுக்கும் கால அளவை) மற்றொன்று பின்பற்றும்படி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய டிக் திரும்ப வந்துவிடும். ஆப்பிள் 2025-ல் வெளியிட்ட மேக் ஓஎஸ் டஹோவில் ஃபயர்வயருக்கு இடமே இல்லை. நண்பர் ஒருவர் தெரியாமல் அப்டேட் செய்துவிட்டார். கீறல்கூட இல்லாத அவருடைய ஃபயர்வயர் பெட்டி இப்போது அலமாரியில் இருக்கிறது. என் கருகின பெட்டியில் போன வாரம் நாதஸ்வரம் பதிவு செய்தேன்.